‘பிரைமர்’ புரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை

கேள்வி: ‘பிரைமர்’ என்ற காலப்பயணப் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன், தலைகால் புரியவில்லை. நண்பர்கள் எல்லாரும் புரிந்தது என்கிறார்கள். இதை எப்படித்தான் பார்ப்பது?

முதலில் அந்த நண்பர்களை விடுங்கள். விளக்க வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறவர்களாக இருக்கும். வீடியோ பார்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வராதீர்கள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை மட்டம் தட்டுவதுதான் எனக்கு ஆகாது.

நான் சிங்கப்பூரில் ஏர்கான் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். உட்லண்ட்ஸில் அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகன் இந்தப் படத்தைப் போட்டான். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், நல்ல பையன்தான். ஆனால் போடும்போதே, “மாமா, இதுல பாட்டு, சண்டை எதுவும் இல்ல, உங்களுக்கு போரடிக்கும்” என்றான். சுருக்கென்றது. ஆனால் படம் ஓட ஆரம்பித்து இரண்டு பேர் கார் கராஜில் நின்று பேசத் தொடங்கியதுமே எனக்குப் பிடித்துப்போனது. காரிலிருந்து பல்லேடியம் என்ற உலோகத்துக்காக ஒரு பாகத்தைக் கழற்றுகிறார்கள், பிரிட்ஜிலிருந்து செப்புக் குழாயை எடுக்கிறார்கள், பாதி வாக்கியத்தில் ஒருவர் நிறுத்த மற்றவர் தொடர்கிறார். வேலை தெரிந்த இருவர் அப்படித்தான் பேசுவார்கள். நானும் என் பார்ட்னரும் கம்ப்ரசரைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவதைப் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டால் அவனுக்கு ஒன்றும் பிடிபடாது. அந்தப் பையனின் இடத்தில்தான் இந்தப் படம் நம்மை நிறுத்துகிறது. அவர்களுக்குள் தெரிந்ததை நமக்காக ஒருமுறை சொல்லிக் காட்டுவதே இல்லை. படத்தின் இயக்குநர் ஷேன் கருத் கணக்குப் படித்தவர், மென்பொருள் வேலை பார்த்தவர். எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்து, சுமார் 7,000 அமெரிக்க டாலரில் 77 நிமிடப் படமாக எடுத்தார். 2004இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவின் பெரிய பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

ஏர்கான்காரனுக்கு இது எதற்கு என்று சிலர் நினைப்பீர்கள். இப்படி மட்டமாகப் பார்க்கப்படுவது எனக்குப் பழக்கம்தான். காண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடுகளில் கதவைத் திறக்கும்போதே நாம் ஏதோ ஏமாற்ற வந்ததுபோல் பார்க்கிறார்கள். கேப்பசிட்டர் போய்விட்டது என்று சொன்னால் நம்பமாட்டார்கள், கூகிளில் தேடிப் பார்த்துவிட்டு “கேஸ் டாப்அப் பண்ணினால் போதுமே” என்று நமக்கே பாடம் நடத்துவார்கள். கசிவு எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் அடைத்தால் கொஞ்ச நாளில் திரும்பவும் கூப்பிடுவார்கள், அப்போதும் பழி நம் மேல்தான். சரி, அதை விடுங்கள்.

படத்துக்கு வருகிறேன். அந்த இருவர் கராஜில் செய்கிற பெட்டிதான் காலத்தில் பின்னோக்கிப் போகும் இயந்திரம், அது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்கு அதை ஆன் செய்கிறோம் என்று வையுங்கள். மாலை மூன்றுக்கு உள்ளே போய்ப் படுத்தால் உள்ளே ஆறு மணி நேரம் கிடக்க வேண்டும், வெளியே வரும்போது காலை ஒன்பது. தாவிக் குதிக்கிற வேலையெல்லாம் கிடையாது, போகிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு மணி கொடுத்தாக வேண்டும். பெட்டியை ஆன் செய்த நேரத்துக்கு முன்னால் போகவும் முடியாது. அப்படி வந்தவர் அன்றைய பங்குச் சந்தை விலை தெரிந்து பங்கு வாங்கப் போவார். அதே பகலில், இன்னும் பெட்டிக்குள் போகாத அவரே ஹோட்டல் அறையில் போனைக்கூடத் தொடாமல் ஒளிந்திருப்பார். இதை நான் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா டீ டம்ளரை வைத்துவிட்டு, “சரி, ஒளிஞ்சிருக்கிறவன் மூணு மணிக்கு உள்ள போகமாட்டேன்னு சொல்லிட்டா?” என்று கேட்டார். அக்கா மகன் வரைந்து வைத்திருந்த கோடு போட்ட காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. படத்தின் இரண்டாம் பாதியே அந்தக் கேள்விதான்.

ஏனென்றால் அந்த இருவரில் ஒருவனான ஏப் யாருக்கும் தெரியாமல் இன்னொரு பெட்டியை முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறான், ஏதாவது கெட்டுப்போனால் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே தடுக்கலாம் என்று. மற்றவனான ஏரன் அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். அங்கிருந்து இயந்திரத்தை மறந்துவிட்டு, யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். எத்தனை ஏரன்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் இரண்டு நண்பர்கள் பிரிந்துபோவது கண்ணில் படாது, எனக்கு அதுதான் படம். ஏப்பின் காதலியின் அப்பா கிரேஞ்சர் எப்படிப் பின்னோக்கி வந்தார் என்பதைப் படமே சொல்வதில்லை, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பப் பார்த்தால், தொடக்கத்தில் ஏப் வெளியே பெஞ்சில் இருக்கும் ஏரனிடம் வந்து விஷயத்தைச் சொல்கிற காட்சியில் ஏரன் காதில் மாட்டியிருக்கும் இயர்போனைக் கவனியுங்கள். கூடைப்பந்து ஆட்டம் கேட்கிறேன் என்பான். உண்மையில் அந்தக் காதில் ஓடுவது அவர்கள் இருவரும் அப்போது பேசுகிற அதே பேச்சு, அவன் முன்பே ஒருமுறை வாழ்ந்து பதிவுசெய்து எடுத்து வந்தது.