48–45 என்றால் முன்னிலையா?

இல்லை, அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி 800 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஒருவருக்கு 48%, எதிராளிக்கு 45% என்று வந்தால் அதை முன்னிலை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கணிப்பின் அடியில் போட்டிருக்கும் ±3.5 என்ற பிழை வரம்பு ஒவ்வொருவரின் சதவீதத்துக்கும் தனித்தனியானது. இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்: ±6.7. எடையிட்ட பிறகு, அதாவது குறைவாகச் சிக்கிய பிரிவினரின் பதில்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துச் சரிசெய்த பிறகு, இன்னும் கூடும்.

அதே வாரம் வேறொரு கணிப்பு எதிராளிக்கு 2 புள்ளி கூடுதல் காட்டியது இந்தப் பிழைக்குள்ளேயே அடங்கும். தவிர, ஒன்று பதிவுசெய்த எல்லா வாக்காளர்களையும், மற்றது ஓட்டுப் போட வாய்ப்புள்ளவர்களை மட்டும் எண்ணியிருக்கலாம். செய்முறைக் குறிப்பைத் திறந்து பாருங்கள். கல்வித்தகுதிப்படி எடையிட்டார்களா என்பதையும் சேர்த்துத்தான். 2016இல் பல மாநிலக் கணிப்புகள் அதை விட்டுவிட்டு ட்ரம்ப் ஆதரவைக் குறைத்துக் காட்டின.

இன்னொன்று, இது தேசியக் கணிப்பு; அதிபரைத் தீர்மானிப்பதோ மாநிலவாரியான முடிவுகள். அந்தத் தேர்தலில் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க 2.1 புள்ளி அதிகம் வாங்கியும் தோற்றார். அவர் தோற்ற மிஷிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மாநிலங்களில் வித்தியாசம் 1 புள்ளிகூட இல்லை.