வெள்ளைப் பல் அடைப்பு சிலருக்கு ஆறு மாதத்தில் ஏன் கழன்று விழுகிறது?

திருகோணமலையில் இருந்து ஒருவர் கேட்டிருப்பது மூன்று விஷயம். முன்பல் நுனி உடைந்ததற்கு வெள்ளை அடைப்பு வைக்கலாமா, கடைவாய்ப் பல்லில் உள்ள பழைய கறுப்பு அடைப்பையும் மாற்றவா, அக்காவுக்கு வைத்த வெள்ளை அடைப்பு ஏன் ஆறு மாதத்தில் விழுந்தது. கடைசியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள் இருக்கிறது.

கறுப்பு அடைப்பான அமல்கம் குழிக்குள் ஆப்பு மாதிரி இறுகி நிற்கும். வெள்ளை அடைப்பான கொம்போசிற் ஒட்டித்தான் நிற்கும். ஒட்டும் வேலைக்கு எச்சில்தான் முதல் எதிரி. சூத்தையைத் துப்புரவாக எடுத்ததும் 37 வீதப் பொஸ்போரிக் அமில ஜெல்லைப் பல்லின் கடினமான வெளிப்படையான எனாமலில் 15 முதல் 30 விநாடி வைப்பார்கள். உள்ளே இருக்கும் டென்ரீனில் 15 விநாடி போதும். கழுவிக் காற்றடித்தால் எனாமல் சுண்ணாம்பு பூசினது போல மங்கி வெளுக்கும். அந்த நேரம் ஒரு துளி எச்சில் பட்டாலும் பசை இறங்க வேண்டிய நுண்துளைகள் அடைபடும். துடைத்துவிட்டுத் தொடரக்கூடாது, திரும்ப அமிலம் வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் விழும் அடைப்புகளில் பலவற்றில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான், கொம்போசிற் என்ன பிராண்ட் என்பதில் அல்ல.

டென்ரீனில் நேர்மாறான பிழையும் உண்டு. வறண்டு போகும் அளவுக்குக் காற்றடித்தால் அமிலம் வெளிக்காட்டிய கொலாஜன் நார்கள் படிந்துவிடும், பசை உள்ளே போகாது, பிறகு குளிர் தண்ணீர் பட்டதும் பல் கூசும். மெல்லிய ஈரம் மினுங்க வேண்டும். அதன் மேல் பசையைச் சுமார் 20 விநாடி தேய்த்து, கரைப்பான் ஆவியாகும் வரை மெதுவாகக் காற்றடித்து, நீல லைற் பிடிப்பார்கள்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. இலங்கையின் உலர் வலயத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூட. அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்து பல்லில் வெள்ளைத் திட்டு, மண்ணிறக் கறை உள்ளவர்களுக்கு எனாமல் அமிலத்துக்கு லேசில் மசியாது. மேற்பரப்பைச் சற்று உரசி, அமிலத்தையும் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நிரப்புதல். கொம்போசிற் இறுகும்போது கன அளவில் 2, 3 வீதம் சுருங்கும். ஒரே உருண்டையாகத் திணித்தால் அந்தச் சுருக்கம் விளிம்பில் பசையை இழுத்துப் பிய்க்கும். லைற்றும் அடிவரை எட்டாது: மேலே கல்லாக இருக்கும், அடியில் களியாக இருக்கும். அதனால் ஒரு படை 2 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி லைற். 5 மில்லிமீற்றர் ஆழக் குழிக்குக் குறைந்தது மூன்று படை. 4 மில்லிமீற்றர் வரை ஒரே தடவையில் வைக்கும் வகையும் இருக்கிறது, அது வேறு பொருள். லைற் முனையில் பழைய கொம்போசிற் ஒட்டியிருந்தாலோ, முனையைப் பல்லிலிருந்து தள்ளிப் பிடித்தாலோ 20 விநாடி கணக்குச் சரிவராது.

இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு இடையில் அடைக்கும்போது மெல்லிய உலோகப் பட்டியும் மர ஆப்பும் வைக்காமல் செய்தால் இடைவெளி விழும். பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இறைச்சி நார் அங்கே சிக்கும், முரசு வீங்கும், அடைப்பின் ஓரத்தில் புதுச் சூத்தை பிடிக்கும். வேலை முடிந்ததும் பல் நூலை இறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து ‘டக்’ என்று இறங்கினால் சரி.

இவ்வளவுக்கும் ஒரு பல்லுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போகும். பத்து நிமிடத்தில் முடித்தால் எந்தப் படி விடுபட்டது என்று யோசியுங்கள். எச்சில் படாமல் பல்லை மட்டும் வெளியே விடும் றப்பர் திரை போடுவது உத்தமம், இல்லாவிட்டால் ஈரமான பஞ்சை அடிக்கடி மாற்றி, எச்சில் உறிஞ்சும் குழாயும் விடாமல் ஓட வேண்டும். ஈரத்தைத் தடுக்க முடியாத இடத்தில், உதாரணமாக முரசுக்குக் கீழே போன குழியில், கிளாஸ் அயனோமர் என்ற வேறு அடைப்புப் பொருளை வைப்பது புத்தி. பலம் குறைவு, ஆனால் ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும்.

கறுப்பு அடைப்பு வெடிக்காமல், ஓரம் கசியாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். நிறத்துக்காக மட்டும் தோண்டினால் நல்ல பல்லும் சேர்ந்து போகும். பாதிக்கு மேல் பல் போயிருந்தால் கொம்போசிற் நிலைக்காது, பல்லை மூடி உறை போடுவதைப் பற்றி வைத்தியரிடம் பேசுங்கள்.

முன்பல்லுக்கு கொம்போசிற் அருமையான தெரிவு. உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டு போங்கள், சில வேளை அதையே ஒட்டலாம். நிறத்தைத் தொடக்கத்திலேயே, பல் ஈரமாக இருக்கும்போது பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். காய்ந்த பல் வெளிறிக் காட்டும், அதற்குப் பொருத்தினால் மறுநாள் அடைப்பு மட்டும் வெள்ளையாகத் துருத்தித் தெரியும். உடைந்த விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் சரித்துவிட்டால் ஒட்டும் இடமும் கூடும், கோடும் மறையும்.

விறைப்பு போனதும் சாப்பிடலாம். ஆனால் விறைத்த வாயோடு கடித்துப் பார்த்தது சரியாக இருக்காது. மறுநாள் அந்தப் பல் முந்திக்கொண்டு முட்டினால் போய் உரசிச் சரிசெய்யுங்கள். குளிருக்கு லேசான கூச்சம் இரண்டு மூன்று கிழமையில் அடங்கும். இரவில் துடிக்கும் வலி வேறு, அது நரம்பு வரை போன அறிகுறி. முதல் இரண்டு நாள் சாயத் தேத்தண்ணியும் வெற்றிலையும் வேண்டாம். கொட்டைப்பாக்கை அந்தப் பல்லால் கடிப்பது எப்போதுமே வேண்டாம், முன்பல்லில் ஒட்டிய நுனி அதில்தான் முதலில் பெயரும்.