ராத்திரியில் நாலு தடவை எழுந்தால்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ராத்திரியில் நாலு தடவையாவது சிறுநீர் கழிக்க எழுகிறார். கேட்டால், வயதானால் அப்படித்தான் என்கிறார். டாக்டரிடம் காட்டணுமா?

பதில்: அவசியம் காட்டுங்கள். சர்க்கரை நோயிலும் இப்படி வரும், அதையும் பார்த்துவிடுங்கள். முக்கி நின்றால்தான் வருகிறது, மெல்லிசாக விட்டுவிட்டு வருகிறது, முடிந்த பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்க் குழாயை நெருக்கியிருக்கலாம். இந்த வீக்கம் புற்றுநோய் இல்லை, பலருக்கு மாத்திரையே போதும். டாக்டர் ஸ்கேன் எடுத்து, சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார். அப்புறம், சளி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட விடாதீர்கள், சிலவற்றால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்து அடிவயிறு வலித்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, குளிர்காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.