உச்சரிப்பு ஒன்று, பொருள் வேறு: மொழி மாறினால் அர்த்தம் மாறும் சின்னச் சொற்களால் நீங்கள் மாட்டிக்கொண்ட வேடிக்கையான அனுபவம் உண்டா?

உண்டு. வேடிக்கையா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் போலத் தெரிகிறது. அங்கே பக்கத்து மொழி என்பது பக்கத்து மாநிலத்தில் இருக்கும். எங்களுக்கு அது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கும். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்.

1994. எனக்கு 11 வயது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட மலையில், விறகுக்கு மிலாறு (வெட்டுண்ட தேயிலைக் குச்சிகள்) பொறுக்கப் போன அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) குச்சி ஒன்று கண்ணில் குத்திவிட்டது. ராத்திரி, பக்கத்துக் காம்பராவில் (அறையில்) பிள்ளை பெற்றிருந்த அக்காவிடம் தாய்ப்பால் வாங்கி விட்டுப் பார்த்தார்கள். கேட்கவில்லை. விடிந்ததும் டவுன் ஆஸ்பத்திரி. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயாக வேண்டும், துணைக்கு நான். வீட்டிலேயே சிங்களம் தெரிந்தவன் என்று எனக்கு அப்போது பெரிய பெயர். தெரிந்ததெல்லாம் கடைவீதிச் சிங்களம்தான்: விலை கேட்பேன், பஸ்ஸை நிறுத்தச் சொல்வேன்.

துண்டுச் சீட்டு எழுதுகிற மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே "மொகத அம்மே?" (என்னம்மா?) என்றார். வலிக்கிறது என்பதற்கு 'ரிதெனவா' என்று எனக்குத் தெரியும். கண்ணுக்குத்தான் சொல் தெரியவில்லை. தெரியாததைத் தமிழிலேயே விட்டுவிட்டு மற்றதைச் சிங்களத்தில் சொன்னால் போயிற்று என்று "கண் ரிதெனவா" என்றேன், நல்ல சத்தமாக.

அவருக்கு அது பிழையில்லாத சிங்களம். சிங்களத்தில் 'கன' என்றால் காது, 'கன்' என்றால் காதுகள். ன, ண வித்தியாசமெல்லாம் அவர்கள் பேச்சில் கிடையாது. எழுதித் தந்துவிட்டார். அப்பாயி முந்தானையால் முகத்தைப் பாதி பொத்திக்கொண்டு நின்றது. ஒன்றரை மணித்தியாலம் காது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஓர் இளம் டாக்டர். வலது காதில் லைட் அடித்தார், இடது காதில் அடித்தார், "கன ஹொந்தய்" என்றார். நான் உடனே மொழிபெயர்த்தேன்: "கண்ணு நல்லாத்தான் இருக்காம் அப்பாயி."

"அப்ப ஏன்டா எனக்கு ஒன்னும் தெரியல?" என்று அப்பாயி முந்தானையை எடுத்தது.

கண் கொவ்வைப் பழமாய்க் கிடந்தது. டாக்டர் எழுந்துவந்து, அப்பாயியின் கையைப் பிடித்துத் தானே கண் வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரும் சிங்களவர்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கீழே வந்து "இனவாதம் பேசுகிறாய்" என்று எழுதத் துடிப்பவர்கள் இருப்பார்கள். பிழை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொல்லி ஏழு வருஷம் ஆகியும் அந்த மேசைவரைக்கும் அது வந்து சேராததற்கு, பதினொரு வயதுப் பையன் பொறுப்பில்லை.

சரி, வேருக்கு வருகிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை, பண்டிதர்கள் மன்னிக்கவும். நம் 'கண்' திராவிடச் சொல். அவர்களின் 'கன' வடமொழிக் 'கர்ண'த்திலிருந்து வந்தது. குண்டலத்தோடு பிறந்த கர்ணன் பெயரில் இருக்கும் அதே காது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. இங்கே தேநீர்க் கடையில் பால் தேத்தண்ணிக்குச் சிங்களத்தில் 'கிரி தே' என்பார்கள். கிரி என்றால் பால், வடமொழி 'க்ஷீர'த்தின் தேய்ந்த வடிவம். 'தே' சீனத்து ஹொக்கியன் பேச்சில் கிளம்பி, டச்சுக்காரர் வழியாக உலகம் சுற்றிய சொல். நம் தேயிலையிலும் அதுதான் இருக்கிறது, 'தேய்கிற இலை' என்று விளக்கம் சொல்பவர்களை நம்பாதீர்கள். இப்போது அதே 'கிரி தே'யைத் தமிழாக வாசியுங்கள். கிரி மலை. தே, நன்னூல் கணக்கில் வரும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று, பொருள் கடவுள். மலைக் கடவுள்! முருகனை நினைத்துக்கொண்டு குடிக்கலாம்.

சிங்களவரோடு மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் "நான் லயத்தில் வளர்ந்தவன்" என்றேன். "இசைக் குடும்பமா?" என்று கேட்டார். எங்கள் லயம் ஆங்கில 'லைன்'. வரிசையாய்க் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள். அங்கே தாளமென்றால் தகரத்தில் விழுகிற மழைதான். 'லாயம்' என்று திருத்தியவரும் உண்டு. அது குதிரை கட்டுகிற இடம். அவர் திருத்தியதில் பாதி நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

'பேர்' என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். உங்களுக்கு அது பெயர், அல்லது ஆள் எண்ணிக்கை. தோட்டத்தில் அது ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் காசு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். முழு நாளும் மழையில் நின்ற மனுசிக்கு அரைப் பெயராம். 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தபோது ஊரெல்லாம் வெடி கொளுத்தினோம். அதன் பிறகும் நிறை குறைந்தது என்று அம்மாவுக்கு எத்தனை நாள் அரைப்பேர் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு வாசியுங்கள்.

அப்பாயிக்குப் பார்வை போகவில்லை, ஒரு வெள்ளைத் தழும்போடு தப்பியது. சிங்களத்தில் கண்ணுக்கு என்ன சொல் என்று அன்றைக்கே கற்றுக்கொண்டேன்: 'அஸ்'ஸுக்கும் 'எஸ்'ஸுக்கும் நடுவில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். பிறகு படித்து, சிங்களத்தில் கடிதம் எழுதுகிற உத்தியோகத்துக்கும் வந்தேன். இருந்தும், நான் யாரோடாவது சிங்களத்தில் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டால், சாகும்வரை அப்பாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஐயோ, கண்ணு வலிக்குதுடா" என்றுதான் சொல்லும்.