கேள்வி – பதில்: சீமான்களின் அரும்பொருள் அறைகள்

கேள்வி: வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் கற்சிற்பமும் நாணயமும் பாடம் செய்த பறவையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்த்தோம். பழைய ஐரோப்பியச் சீமான்களின் அரும்பொருள் அறைகளே இதற்கு முன்னோடி என்கிறார்கள். அவர்கள் அறிவை நாடிச் சேர்த்தார்களா, பகட்டுக்காகச் சேர்த்தார்களா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இரண்டும் ஒரே ஆளிடம் குடியிருந்ததுண்டு. ஆனால் பொருளைத் தேடி அலைந்தவர் ஒருவராகவும், பெயர் பெற்றவர் வேறொருவராகவும் இருந்ததையே நான் முதலில் சொல்வேன். இங்கிலாந்தில் பக்கிங்காம் பிரபு போன்ற பெருந்தனக்காரர்களிடம் தோட்டக் கலைஞராகப் பணிபுரிந்த ஜான் டிரடெஸ்கண்ட் என்பவரும் அதே பெயர் கொண்ட அவருடைய மகனும், லண்டனை அடுத்த லாம்பெத்தில் செடிகள், சிப்பிகள், ஆயுதங்கள், விலங்குகள் எனச் சேர்த்துவைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார்கள். 1656இல் அச்சான அதன் பட்டியலுக்கு உதவிய எலியாஸ் ஆஷ்மோல் என்ற செல்வந்தர், சேகரிப்பு முழுவதையும் தமக்கு எழுதிவாங்கிக்கொண்டார். மகன் 1662இல் இறந்தபின் அவருடைய மனைவி ஹெஸ்டர் அதை எதிர்த்து வழக்காடித் தோற்றார். 1678இல் தம் தோட்டத்துக் குளத்தில் இறந்துகிடந்தார். அச்சேகரிப்பைக் கொண்டு 1683இல் ஆக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இன்றும் ஆஷ்மோலின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆஷ்மோல் கல்விமான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தப் பெயர்சூட்டலை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை.

அங்கே போன பொருள்களுள் இன்று அற்றுப்போன இனமான டோடோப் பறவை ஒன்றும் இருந்தது. தலையும் ஒரு பாதமுமே அதில் எஞ்சின. (பாடம் சரியில்லாத தோல் என்ன ஆகும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் சேகரிப்புக்காகப் பெருஞ்செலவு செய்தவர். வைத்தியத் தொழிலில் வந்த பணத்தோடு, அடிமைகளின் உழைப்பில் நடந்த ஜமைக்காக் கரும்புத் தோட்டங்களிலிருந்து மனைவி வழியாக வந்த வருமானமும் அவருக்குக் கைகொடுத்தது. 1753இல் அவர் இறந்ததும், மகள்களுக்கு 20,000 பவுன் கொடுத்துச் சேகரிப்பைப் பெற்ற அரசு, லாட்டரி நடத்திப் பணம் திரட்டியது. 1759இல் பிரிட்டிஷ் மியூசியம் திறந்தது.

கேள்வி: தமிழ்நாட்டுப் பொருள்கள் ஏதேனும் இப்படிப் போயினவா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: போயின. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கோட்டையில் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், உலர்த்திய செடிகளைத் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். மருந்துக்கடைக்காரரான ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை விவரித்து லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். பெட்டிவர் 1718இல் இறந்தபின் அவருடைய சேகரிப்பை ஸ்லோன் விலைக்கு வாங்கியதால், அச்செடிகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஸ்லோனின் பெயரால் அமைந்த உலர்செடித் தொகுதியில் உள்ளன. தரங்கம்பாடிப் பாதிரிமார் அனுப்பிய ஓலைச்சுவடிகள் ஜெர்மனியின் ஹாலே நகருக்குச் சென்றன. அங்கே அவற்றைப் பெற்றது சீமான் ஒருவருமல்லர், ஓர் அநாதை இல்லத்தின் அரும்பொருள் அறை.