சூபிக்கில் இறங்கிய கொடிகள்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய கப்பல்காரனின் பதில்கள்

கே: யாழ்ப்பாணத்துக்கு வந்துபோன அமெரிக்கர் ஆர்மிடேஜைப் பற்றிப் போன இதழில் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவரைக் கடற்படைக்காரர் என்கிறார்கள், பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) அதிகாரி என்கிறார்கள், ராஜதந்திரி என்கிறார்கள். எது சரி?

ப: மூன்றும் சரி, அதே வரிசையில். ரிச்சர்ட் ஆர்மிடேஜ் 1967ல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் தேறியவர். முதலில் யுஎஸ்எஸ் பக் என்ற நாசகாரிக் கப்பலில் வியட்நாம் கடலோரம் வேலை. கப்பலில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் போதவில்லை. தானே கேட்டு வாங்கிக்கொண்டு மூன்று தடவை உள்ளே போனார். ஆற்றிலும் வாய்க்காலிலும் படகில் சுற்றும் தென் வியட்நாம் படைக்கு ஆலோசகர் வேலை. அப்படிப் போன பலர் நாள் எண்ணிக்கொண்டிருக்க, இவர் வியட்நாம் பாஷையைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டார். பின்னால் கிடைத்த பதவிகளுக்கெல்லாம் அதுதான் முதலீடு என்பது என் கட்சி. 1973ல் பாரிஸ் சமாதான உடன்பாடு பிடிக்காமல் கடற்படையை விட்டார். வயது 28.

கே: தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபோது ஒரு கடற்படையையே ஓட்டிக்கொண்டு வந்தார் என்பது உண்மையா, கதையா?

ப: உண்மை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம் இது.

1975 ஏப்ரலில் பென்டகன் அவரைத் திரும்ப சைகோனுக்கு அனுப்பியது. அப்போது அவர் சிவிலியன். தென் வியட்நாமின் போர்க்கப்பல்கள் வடக்கின் கையில் சிக்காமல் வெளியே கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் அழித்துவிட வேண்டும் என்பதுதான் உத்தரவு. கப்பல்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு, மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வியட்நாம் கடற்படையின் கேப்டன் டோ கியெம் விஷயம் தெரிந்தவர். குடும்பத்தை விட்டுவிட்டு எந்த மாலுமி கப்பலை எடுப்பான்? கான் சோன் தீவருகே எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. அங்கே வந்து சேர்ந்தவை முப்பதுக்கும் மேற்பட்ட கடற்படைக் கப்பல்கள். சிலவற்றுக்கு இன்ஜின் ஓடவில்லை. எல்லாவற்றிலுமாக ஏறத்தாழ 30,000 பேர். ஆர்மிடேஜுக்கு அந்த வாரம்தான் 30 வயது முடிந்திருந்தது.

அமெரிக்கத் தரப்பில் துணைக்கு வந்தது யுஎஸ்எஸ் கிர்க். அது ஏற்கெனவே ஒரு கூத்தைப் பார்த்துவிட்ட கப்பல். ஏப்ரல் 29 அன்று ஒரு சினூக் ஹெலிகாப்டர் அதன் தலைக்கு மேலே வந்து நின்றது. இறங்க இடம் போதாது. விமானி அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, மனைவியையும் மூன்று குழந்தைகளையும் ஒவ்வொருவராகக் கீழே விட்டார். தளத்தில் நின்றவர்கள் கையை நீட்டிப் பிடித்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. பிறகு விமானி சற்றுத் தள்ளிப் போய் ஹெலிகாப்டரைக் கடலில் சாய்த்துவிட்டு, குதித்து நீந்தினார். பிழைத்துக்கொண்டார்.

கான் சோனிலிருந்து பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்கு ஆறு நாள் பயணம். ஓடாத கப்பலிலிருந்து ஓடுகிற கப்பலுக்கு ஆட்களை மாற்றி, தண்ணீரும் அரிசியும் பங்கு போட்டு வந்தார்கள். இன்ஜின் ரூமிலேயே வயதைக் கழித்தவன் நான். அந்தக் கூட்டத்தையும் அந்த இன்ஜின்களையும் வைத்துக்கொண்டு வழியில் இறந்தவர்கள் மூன்றே பேர் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

வாசலுக்கு வந்த பிறகு ஒரு முட்டுக்கட்டை. பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் அரசு வியட்நாமின் புதிய ஆட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டது, தென் வியட்நாம் கொடியோடு எந்தக் கப்பலும் உள்ளே வரக்கூடாது என்றது. ஆர்மிடேஜும் கியெமும் ஒரு வழி கண்டார்கள். இந்தக் கப்பல்களெல்லாம் அமெரிக்கா உதவியாகக் கொடுத்தவை, இப்போது திரும்ப ஒப்படைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மே 7ஆம் தேதி ஒவ்வொரு கப்பலிலும் தென் வியட்நாமின் மஞ்சள் கொடி இறங்கியது, அமெரிக்கக் கொடி ஏறியது. தளத்தில் நெருக்கியடித்து நின்றவர்கள் இல்லாமல் போன நாட்டின் கீதத்தைப் பாடினார்கள்.

நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஒன்று விற்கப்பட்டபோது பின்தளத்தில் கொடியை இறக்கிச் சுருட்டினார்கள். வெறும் வியாபாரம், யாருக்கும் நாடு போகவில்லை. இருந்தும் எங்கள் சராங்கு (தளத்து மாலுமிகளின் மேஸ்திரி) அன்று மதியம் சாப்பிடவில்லை.

கே: ராணுவத்தில் இருந்தவர் நேராக பென்டகன் நாற்காலியில் உட்கார முடியுமா?

ப: உச்ச நாற்காலியில் முடியாது. பாதுகாப்பு அமைச்சராக வேண்டுமானால் உடுப்பைக் கழற்றிக் குறைந்தது 7 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், ஜெனரல், அட்மிரல் என்றால் 10 ஆண்டு. 1947 சட்டத்தில் எல்லோருக்கும் 10 ஆண்டு என்று இருந்ததை 2008ல் 7 ஆகக் குறைத்தார்கள், 2021 கடைசியில் ஜெனரல், அட்மிரல்களுக்கு மட்டும் மறுபடி 10 ஆக்கினார்கள். காங்கிரஸ் விலக்கு கொடுத்தது மூன்றே பேருக்கு: 1950ல் மார்ஷல், 2017ல் மாட்டிஸ், 2021ல் ஆஸ்டின். மூவரும் ஜெனரல்கள். கடற்படைக்காரர்கள் இளவயதிலேயே வெளியேறி, அரசியல் வழியாகச் சுற்றி வந்தார்கள். ரம்ஸ்ஃபெல்ட் கடற்படை விமானி. மெல்வின் லேர்ட் இரண்டாம் உலகப் போரில் மடாக்ஸ் என்ற நாசகாரியில் இருந்தவர். 1964ல் அமெரிக்காவை வியட்நாம் போருக்குள் இழுத்த டோங்கின் வளைகுடாச் சம்பவத்தில் அடிபட்ட பெயரும் இதே மடாக்ஸ்தான். அங்கே மூண்ட போரிலிருந்து படைகளைத் திரும்ப அழைக்கும் வேலை பின்னால் அமைச்சரான லேர்ட் தலையில் விழுந்தது. விதியின் நக்கல்!

ஆர்மிடேஜும் சுற்றித்தான் வந்தார். டெஹ்ரானில் கொஞ்ச காலம், செனட்டர் பாப் டோல் அலுவலகத்தில் கொஞ்ச காலம். 1983 முதல் 1989 வரை பாதுகாப்புத் துறை உதவிச் செயலர்.

கே: யாழ்ப்பாணத்தில் அவருக்கு என்ன வேலை?

ப: அப்போது அவர் வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்தார். 2002 ஜூனில் இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படை குவித்து முறைத்துக்கொண்டிருந்தபோது, இஸ்லாமாபாத் போய் பாகிஸ்தான் அதிபர் முஷாரப்பிடம் காஷ்மீருக்குள் ஊடுருவலை நிரந்தரமாக நிறுத்தும் வாக்குறுதி வாங்கி, மறுநாளே டெல்லியில் வந்து சொன்னவர் இவர். அந்த ஆகஸ்டில் யாழ்ப்பாணம். 2003 ஏப்ரல் 14 அன்று இலங்கைக்கு உதவும் நாடுகளின் கூட்டத்தை வாஷிங்டனில் கூட்டினார். 1997 முதல் அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்த புலிகளால் அங்கே போக முடியவில்லை. ஒரு வாரத்தில் அவர்கள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். பேச்சில் ஒரு தரப்பு வர முடியாத ஊரில் கூட்டம் போட்டது தவறு என்றுதான் நான் அன்றும் சொன்னேன். பல ஊர்த் துறைமுகம் பார்த்தவர் இடம் தேர்வதில் சறுக்கிவிட்டார்.

கே: 'கற்காலத்துக்கு அனுப்பிவிடுவோம்' என்று பாகிஸ்தானை மிரட்டியவர் இவர்தானே?

ப: அப்படிச் சொன்னதாக 2006ல் சொன்னவர் முஷாரப். கடுமையாகப் பேசினேன், அந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை என்றார் இவர். வலேரி பிளேம் விவகாரத்தில், அவர் சிஐஏ ஊழியர் என்று பத்திரிகையாளரிடம் வாய்விட்டதை 2006ல் ஆர்மிடேஜ் தானே ஒப்புக்கொண்டார். வழக்கு எதுவும் பாயவில்லை. 2025 ஏப்ரலில் 79 வயதில் காலமானார்.

கே: சூபிக் தளம் இப்போதும் அமெரிக்கர் கையிலா?

ப: இல்லை. அதை இழந்த பேச்சுவார்த்தையில் அமெரிக்கத் தரப்பில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? ஆர்மிடேஜேதான். 1990ல் பேச ஆரம்பித்தார். 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்து, பக்கத்திலிருந்த கிளார்க் விமானத் தளத்தைச் சாம்பலில் மூடியது. கிளார்க்கைக் கைவிட்டார்கள். சூபிக்கை மட்டும் இன்னும் 10 ஆண்டு வைத்துக்கொள்ள ஒப்பந்தம் தயாரானது. செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட்டில் அதை எதிர்த்தவர்கள் 12 பேர், ஆதரித்தவர்கள் 11.

1992 நவம்பர் 24 அன்று சூபிக்கில் மறுபடி ஒரு கொடி இறங்கியது. பதினேழு ஆண்டுக்கு முன் அதே தண்ணீரில் முப்பது கப்பலில் ஏற்றிய அதே கொடி.