ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்கா, அந்நாட்டின் பழைய இலக்கியத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது? அதில் மதம் எங்கே இருக்கிறது?

நான் ஆய்வாளன் இல்லை, பல வருடங்களாக மாங்கா படித்துவருபவன். அந்த அளவில் சொல்கிறேன். இந்தக் கேள்விக்குப் பொதுப்படையாகப் பதில் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. ஒரே கதை பழைய நூலில் எப்படி வருகிறது, மாங்காவில் எப்படி வருகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். அதற்குத் தோதாக ஒரு முயல் கதை இருக்கிறது.

ஜப்பானில் 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கொன்ஜாகு மொனொகதாரிஷூ' ஒரு பெரிய கதைத் திரட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள். இந்தியா, சீனா, ஜப்பான் என மூன்று பகுதிகள். இந்தியப் பகுதியில், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த முயல் கதை வருகிறது. நரி, குரங்கு, முயல் மூன்றும் அறவழியில் வாழ விரும்புகின்றன. பசியோடு ஒரு கிழவர் வருகிறார். குரங்கும் நரியும் உணவு கொண்டுவந்து கொடுக்கின்றன. முயல் எங்கெங்கோ அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. கடைசியில், உணவு தேடித் தரும் சாமர்த்தியம் தனக்கு இல்லை, தன்னையே சுட்டுச் சாப்பிடும்படி சொல்லிவிட்டுத் தீயில் பாய்கிறது. கிழவர் இந்திரனாக மாறி, எல்லா உயிர்களும் பார்க்கட்டும் என்று முயலை நிலாவில் வைக்கிறார்.

கதை அதோடு நிற்பதில்லை. நிலாவின் மேல் மேகம் போலத் தெரிவது அந்தத் தீயின் புகை, நிலாவைப் பார்க்கும் ஒவ்வொருவரும் இந்த முயலை நினைக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லி, 'இப்படிச் சொல்லி வந்திருக்கிறார்கள்' என்ற வழக்கமான வாய்பாட்டோடு முடிகிறது. கேட்பவர் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். (நம் வீடுகளில் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். ஜப்பானியர்களுக்கு அங்கே முயல்தான் இன்னும் மோச்சி என்ற அரிசிப் பலகாரத்துக்காக அரிசி இடித்துக்கொண்டிருக்கிறது.)

இனி, புத்தரின் வாழ்க்கையைச் சொல்லும் மாங்காவான ஒசாமு தெசுகாவின் 'புத்தா'வுக்கு வருவோம். 1972 முதல் 1983 வரை தொடராக வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் எட்டுத் தொகுதிகள். கதை தொடங்கும் இடத்திலேயே அதே முயல் வருகிறது. குரங்குக்குப் பதில் கரடி, காட்டுக்குப் பதில் பனி. ஏறக்குறைய எல்லாமே வசனம் இல்லாத படங்கள். முதல் தடவை அந்தப் பக்கங்களை ஒரு நிமிடத்தில் புரட்டிவிட்டு, கதை எப்போது தொடங்கும் என்று தேடினேன். நாவல் படித்துப் பழகியவனுக்கு எழுத்து இல்லாத பக்கம் வெற்றுப் பக்கம். இரண்டாவது தடவைதான் நிதானமாகப் பார்த்தேன். பசித்த மனிதன், நெருப்பு, கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத முயல். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் அது முடிவெடுத்துவிடுகிறது. ஏன் குதித்தது என்று பழைய நூலில் முயலே சொல்கிறது. இங்கே நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். என் பார்வையில் மாங்காவுக்கும் பழைய இலக்கியத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

தெசுகா புனித நூலைப் படமாக்கவும் இல்லை. சித்தார்த்தன் பிறப்பதற்கு முன்பே சாப்ரா என்ற அடிமைச் சிறுவனையும், விலங்குகளின் உடலுக்குள் புகத் தெரிந்த தத்தா என்ற சிறுவனையும் கொண்டுவந்துவிடுகிறார். பௌத்த நூல்கள் எதிலும் இவர்கள் இல்லை. அசித முனிவரின் சீடன் நாரதத்தன் ஒரு மனித உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தத்தாவின் வித்தையைப் பயன்படுத்துகிறான். அதில் விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. அதற்குத் தண்டனையாக அவன் வாழ்நாள் முழுவதும் விலங்காக நாலுகாலில் திரிகிறான். எந்த உயிரும் இன்னோர் உயிரைவிடத் தாழ்ந்ததில்லை என்ற பௌத்தக் கருத்தை இதைவிடக் கடுமையாகச் சொன்ன பிரசங்கம் எதையும் நான் கேட்டதில்லை. கொஞ்சம் அநியாயமான தண்டனை என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

மதம் என்றால் பௌத்தம் மட்டும் இல்லை. மலை, மரம், ஆறு என எங்கும் தெய்வம் உறையும் ஷிண்டோ மரபும் உண்டு. அதற்கு நான் காட்டுவது யூகி மிதோரிகாவாவின் 'நட்சுமே யூஜின்சோ'. ஆவிகளைக் காணும் சக்தி உள்ள நட்சுமே என்ற பள்ளி மாணவனின் கதை. முதல் தொகுதியில் சுயுகாமி என்று ஒரு தெய்வம் வருகிறது. உண்மையில் அது எங்கிருந்தோ வந்து ஒரு சிறு கோயிலில் தங்கிவிட்ட நாடோடி ஆவி. யாரோ மழைக்கு வேண்டிக்கொண்டார்கள், தற்செயலாக மழை பெய்தது, ஊர் அதைக் கும்பிடத் தொடங்கிவிட்டது. படையல் குவியக் குவிய அது வளர்ந்தது. பிறகு ஊர் மறந்தது. அது சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. இப்போது கும்பிட வருபவர் ஹனா என்ற ஒரே ஒரு பாட்டி. அவரும் நோயில் கிடக்கிறார். அவர் போய்விட்டால் தெய்வமும் இல்லை. இனி நான் உன்னைக் கும்பிடுகிறேன் என்கிறான் நட்சுமே. வேண்டாம், நீ என் நண்பன் என்று அது மறுத்துவிடுகிறது. பாட்டி இறக்கும்போது அதுவும் மறைகிறது. தெய்வம் மனிதனை நம்பி உயிர்வாழ்கிறது என்ற எண்ணத்தை அந்தச் சின்ன உருவத்தின் அளவிலேயே வரைந்து காட்டிவிடுகிறார்கள். வார்த்தையில் எழுதியிருந்தால் தத்துவமாகிப் போயிருக்கும்.

ஆனால் எல்லா மாங்காவிலும் மதத்தைத் தேட வேண்டாம். 'நருடோ' என்ற நிஞ்ஜா சண்டை மாங்காவில் சக்ரா, கைமுத்திரை எல்லாம் வருகின்றன; பெயின் என்ற வில்லனின் ஆறு உடல்களுக்கும் பௌத்தம் சொல்லும் ஆறு பிறவி நிலைகளின் பெயர்கள். அங்கே அவை பெரும்பாலும் சண்டைக்கான ஆயுதங்கள்தான். அதை வைத்துக் கட்டுரை எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொரு வேடிக்கை. பழைய ஜப்பானில் கற்பனைக் கதை எழுதுவதே பாவம் என்று கருதிய பௌத்தர்கள் இருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் 'கென்ஜி'யின் கதையை எழுதிய முராசாகி ஷிகிபு நரகத்தில் கிடக்கிறார் என்று நம்பி, அவர் கடைத்தேற வழிபாடு நடத்தினார்கள். அதை வைத்து 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடக வடிவில் ஒரு நாடகமே உண்டு. ஆனால் 2011இல் கியோட்டோவின் ஹிகாஷி ஹோங்கான்ஜி என்ற பௌத்த ஆலயம், தன் மரபின் நிறுவனரான ஷின்ரான் மறைந்த 750ஆம் ஆண்டு நினைவுக்கு, அவரை மடிப்புத் திரைகளில் வரைய அழைத்தது தாகேஹிகோ இனோவேவை. அவர் 'வாகபாண்ட்' வரைந்த மாங்கா கலைஞர். அந்த மாங்காவுக்கு மூலம் எய்ஜி யோஷிகாவாவின் நாவல். நாவலில் வரும் வாள்வீரன் கோஜிரோவை இனோவே காது கேளாதவனாக மாற்றிவிட்டார். பேச்சில்லாத பக்கங்களை வரைய அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் முதலில் 'புத்தா', பிறகு ஹிகாரு நாகாமுராவின் 'செயின்ட் யங் மென்' என்பேன். 2006இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் அது. இயேசுவும் புத்தரும் விடுமுறைக்குப் பூமிக்கு வந்து, தோக்கியோவின் மேற்குப் பகுதியில் உள்ள தாசிகாவாவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். வீட்டுச் செலவில் புத்தர் காசுக்குக் கணக்குப் பார்ப்பவர். அவருக்கு மிகவும் பிடித்த மாங்கா தெசுகாவின் 'புத்தா'.